பேட்டரி சொல்றதைத்தான் கன்ட்ரோலர் கேட்கணும்!

ஆரணிப் பக்கம் ஒரு தறி வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஆரணியின் ஏதோ ஒரு தெருவாக இருக்கலாம், தேவிகாபுரமாகவும் இருக்கலாம். முன்கட்டில் குழித்தறி. தறியில் பாதி நெய்த முகூர்த்தப் பட்டு. அப்பா குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா பக்கத்தில் தார் சுற்றுகிறார். காலை ஒன்பது மணிக்கு கரென்ட் போகிறது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. 2012-ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது வாங்கியது. பேட்டரி மட்டும் இடையில் மாற்றியாயிற்று. ஆனால், பன்னிரண்டு மணிக்கெல்லாம் அது 'கீ... கீ...' என்று கத்த ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் தறிக்கு மேலே விளக்கு இல்லை. தறிக்கூடம் பகலிலேயே இருட்டு. பட்டு இழை ஒன்று அறுந்ததைக் கண் கவனிக்காமல் விட்டால், அந்தக் குறை புடவையில் நின்றுவிடும்; கூலியில் பிடிப்பார்கள். அதனால் அன்றைக்குத் தறி நிற்கும்.

"அப்பா, மொட்டை மாடி சும்மாதானே கெடக்கு, சோலார் போட்டுடலாம்" என்றான் மகன். 540 வாட் பேனல் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கி வந்தான். செல்போனில் தேடி, இருப்பதிலேயே மலிவான 20 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலரை வரவழைத்தான். இரண்டையும் பழைய பேட்டரியோடு இணைத்தான். எரிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் 540 வாட்டுக்கான பலன் மட்டும் எங்கேயும் தெரியவில்லை.

"பழைய பேட்டரிதான் மாப்ளே காரணம், லித்தியம் போடு" என்றார் தாய்மாமன். கடன் வாங்கி லித்தியம் பேட்டரியும் வந்தது. அடுத்த பராமரிப்பு நாளில்தான் வேடிக்கை. மேகமே இல்லாத நடுப்பகல், கொளுத்தும் வெயில். வீட்டு விளக்குகள் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தன. வெயில் தாழ்ந்ததும் தானாகச் சரியாகிவிட்டது!

பேனல் நல்ல பேனல். பேட்டரி நல்ல பேட்டரி. கன்ட்ரோலரும் பழுதில்லை. பிறகு என்ன கோளாறு? மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். அச்சுக்கும் பாவுக்கும் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு உயர்ந்த பட்டாக இருந்தாலும் புடவை ஆகாது என்பது தறிக்காரருக்குத் தெரியும். சோலாரிலும் அதே கதைதான்.

முதலில் ஒரு கேள்வி: சோலார் எதற்கு?

கரென்ட் பில்லைக் குறைக்கவா, கரென்ட் இல்லாத நேரத்தில் விளக்கு எரியவா? இரண்டும் வேறு வேறு தேவைகள். இரண்டுக்கும் வாங்க வேண்டிய பொருளும் வேறு.

பில்லைக் குறைக்க மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம். சூர்யா கர்' திட்டம் இருக்கிறது. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் வைத்தால் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால், இதில் பெரும்பாலானவர்கள் போடுவது மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து இயங்கும் 'ஆன்-கிரிட்' அமைப்பு. தெருவில் கரென்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர்மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பேட்டரி இல்லாத அந்த அமைப்பை வைத்துவிட்டு, 'வெயில் அடிக்குது, ஃபேன் ஓடலையே' என்று வருந்திப் பயனில்லை.

தறி வீட்டில் கணக்கு இன்னும் வேறு. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம், 2023-ல் 300 யூனிட்டாக உயர்ந்தது. கையால் நெய்யும் தறிக்கு விளக்கும் ஃபேனும்தான் செலவு. ஆகவே, பில்லில் மிச்சமாவது கொஞ்சம்தான். நின்றுபோகும் தறியைக் காப்பாற்றுவதுதான் அங்கே உண்மையான லாபம். அப்படியானால், அந்த அமைப்பின் இதயம் பேட்டரி. மாடியில் பளபளப்பாகத் தெரிகிறது என்பதற்காகப் பேனலை முதலில் வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் தேவை, அடுத்து பேட்டரி, அடுத்து கன்ட்ரோலர், கடைசியில் பேனல். இந்த வரிசை மாறினால் பணம் விரயம்.

நோட்டில் எழுத வேண்டிய கணக்கு

பட்டை எடை போட்டுக் கொடுத்து, புடவையை எடை போட்டு வாங்கும் தொழில் இது. அதே கறார் இங்கேயும் வேண்டும்.

கரென்ட் இல்லாதபோது எது எது ஓட வேண்டும்? 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு - 36 வாட். ஃபேன் இரண்டு. இங்கேதான் பெரிய வித்தியாசம். பழைய ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். இரண்டு பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 60 வாட். மொத்தம் ஏறக்குறைய 100 வாட். பழைய ஃபேன் என்றால் 186 வாட். அதாவது, ஃபேனை மாற்றாமல் சோலார் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பேட்டரி வாங்க வேண்டும்!

100 வாட், 6 மணி நேரம் என்றால் 600 வாட்-மணி. இன்வெர்ட்டர் தனக்கென்று ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். அதற்காக இருபது சதவிகிதம் சேர்த்தால் 720. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 60 ஆம்பியர்-மணி. பேட்டரியிலிருந்து அன்றைக்கு எடுக்க வேண்டியது இவ்வளவுதான்.

ஜக்கார்டு தூக்க மோட்டார் வைத்திருப்பவர்கள் அந்த மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும் வாட்டையும் சேர்க்க வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும் என்பதால், இன்வெர்ட்டரும் பெரிதாக வேண்டும்.

எந்த பேட்டரி?

60 ஆம்பியர்-மணி தேவை என்றால் 60 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கிவிடக் கூடாது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுசு குறையும். எனவே 120 வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது 150 ஆம்பியர்-மணி டியூபுலர். கூடுதலாக இருப்பது மழை நாளுக்கு உதவும்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பேட்டரியின் மேல் 'சி10', 'சி20' என்று போட்டிருப்பார்கள். சி10 என்றால் 10 மணி நேரத்தில் காலி செய்தால் அவ்வளவு ஆம்பியர்-மணி கிடைக்கும் என்று அர்த்தம். சி20 என்றால் 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால்தான் அந்த அளவு கிடைக்கும். வேகமாக இழுத்தால் குறைவாகவே தரும். ஆகவே, இரண்டிலும் '150' என்று இருந்தாலும் சி10 பேட்டரிதான் வலுவானது. சோலாருக்கென்று விற்பவை சி10 கணக்கில் வரும். சோலார் பேட்டரிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 16270, அந்த எண் இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவிகிதம் வரை எடுக்கலாம். ஆகவே, அதே 60 ஆம்பியர்-மணிக்கு 75 போதும். 100 வாங்கினால் தாராளம். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, எடை குறைவு, ஆயுள் அதிகம். விலைதான் முன்கூட்டியே கடிக்கும்.

இந்த பேட்டரிக்குப் பின்னால் ஒரு தமிழரின் உழைப்பும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி-யில் முனைவர் பட்டம் பெற்ற அருமுகம் மந்திரம், ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து 1980-களில் செய்த ஆய்வுகள் இந்த வகைக்கு வழி திறந்தன. குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வகத்திலிருந்துதான் 1997-ல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை வழங்கியவர் மந்திரம்தான்.

'12 வோல்ட் லித்தியம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி வாங்கக் கூடாது. அதில் இரண்டு ஜாதி உண்டு. 12.8 வோல்ட் என்று இருந்தால், 3.2 வோல்ட் செல் நான்கு. அது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 11.1 வோல்ட் என்று இருந்தால், 3.7 வோல்ட் செல் மூன்று. அது வேறு வகை லித்தியம்-அயான். முதலாவது 14.4 வோல்ட் வரை ஏற்றிக்கொள்ளும். இரண்டாவதுக்கு 12.6-தான் எல்லை. அதற்கு மேல் ஏற்றினால் சூடாகி வீங்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. பட்டும் பஞ்சுமாக இருக்கும் வீட்டில் அந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம்.

கன்ட்ரோலர் என்ன செய்கிறது?

பேனலை நேராக பேட்டரியில் மாட்டினால் வெயில் இருக்கும் வரை ஏற்றிக்கொண்டே இருக்கும். போதும் என்று நிறுத்த ஆள் இல்லை. பொங்கி வழியும் பாலுக்குப் பக்கத்தில் நின்று அடுப்பைக் குறைக்கும் அம்மாவின் வேலைதான் கன்ட்ரோலரின் வேலை. முதலில் வேகமாக ஏற்றும். உச்ச வோல்ட்டைத் தொட்டதும் அங்கேயே பிடித்து மெதுவாக நிரப்பும். நிரம்பியதும், வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும். இந்தக் கடைசி நிலைக்கு 'ஃப்ளோட்' என்று பெயர்.

எந்த வோல்ட்டில் தீயைக் குறைக்க வேண்டும் என்பதைச் சொல்வது பேட்டரி. தண்ணீர் ஊற்றும் டியூபுலருக்கு உச்சம் 14.4 முதல் 14.8 வோல்ட்; ஃப்ளோட் 13.5-லிருந்து 13.8. ஜெல் பேட்டரிக்கு உச்சம் கொஞ்சம் குறைவு, 14.1 அல்லது 14.2. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.2-லிருந்து 14.6. துல்லியமான எண் அந்தந்த பேட்டரியின் கையேட்டிலேயே இருக்கும். அந்த எண்ணைக் கன்ட்ரோலரில் வைக்க முடியுமா என்பதுதான் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி. முடியாது என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது நம் வீட்டுக்கு ஆகாது.

வெயிலையும் மறக்கக் கூடாது. இந்த எண்களெல்லாம் 25 டிகிரி வெப்பத்துக்குச் சொல்லப்பட்டவை. சூடு ஏற ஏற, 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.02 முதல் 0.03 வோல்ட் குறைத்துக் கொடுக்க வேண்டும். மே மாதம் அறைக்குள் 38 டிகிரி என்றால், 14.4 என்பது ஏறக்குறைய 14.1 ஆக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் தண்ணீர் வேகமாக வற்றும். 'கோடை வந்தா பேட்டரி தண்ணி குடிக்குது' என்று சொல்லும் வீடுகளில் இதுவும் ஒரு காரணம். வெப்பத்தை அறியும் ஒயர் உள்ள கன்ட்ரோலரை வாங்கி, அந்த ஒயரின் நுனியை பேட்டரிமீது ஒட்டிவைத்தால் அது தானே பார்த்துக்கொள்ளும்.

540 வாட் எங்கே போனது?

கன்ட்ரோலரில் இரண்டு வகை: பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி.

பி.டபிள்யூ.எம். என்பது வேகமாகத் திறந்து மூடும் ஒரு கதவு மாதிரி. பேனலை பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துப் பிடித்துவிடும். மகன் வாங்கிய 540 வாட் பேனல் சுமார் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரக்கூடியது. பி.டபிள்யூ.எம். அந்த 13 ஆம்பியரை அப்படியே வாங்கும். ஆனால் பேட்டரியின் 13 வோல்ட்டில்தான் வாங்கும். 13-ஐ 13-ஆல் பெருக்கினால் 169. ஆக, 540 வாட்டுக்குக் காசு கொடுத்து, வீட்டுக்கு வந்தது 170 வாட்கூட இல்லை. மீதி மாடியிலேயே நின்றுவிட்டது.

எம்.பி.பி.டி. அப்படியல்ல. அதிக வோல்ட்டை வாங்கி, அதைக் குறைத்து, அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டிக் கொடுக்கும். அதே பேனலிலிருந்து பேட்டரிக்கு 40 ஆம்பியர்வரை தள்ளும்.

'அப்போ எம்.பி.பி.டி-யே வாங்கிடலாமே' என்று தோன்றும். அங்கேதான் பேட்டரி மறுபடி குறுக்கே வருகிறது. ஈய-அமில பேட்டரிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர்தான் இதமான சாப்பாடு. 150-க்கு 15; கொஞ்சம் கூட்டி 20 வரை போகலாம். 40 ஆம்பியரை அதற்குள் திணித்தால் கொதிக்கும், தட்டு உதிரும். லித்தியமோ பாதியளவு ஆம்பியரைச் சாதாரணமாகத் தாங்கும். 100 ஆம்பியர்-மணிக்கு 50.

ஆகவே, 150 டியூபுலர் ஒன்றுக்கு 540 வாட் பேனலே தேவையில்லை. 12 வோல்ட் வகையில் 165 வாட் பேனல் இரண்டைப் பக்கவாட்டில் (பேரலல்) இணைத்தால் 18 ஆம்பியர் கிடைக்கும். அந்த வகையில் வேலை செய்யும் வோல்ட் 18 என்பதால், பி.டபிள்யூ.எம். போட்டாலும் பெரிய நஷ்டமில்லை. கன்ட்ரோலர் மட்டும் 20 ஆம்பியருக்கு நெருக்கடியாக இல்லாமல் 30 ஆம்பியராக இருக்கட்டும். வெயில், தூசி, ஒயர் என்று முப்பது சதவிகிதம் கழித்தாலும், நல்ல வெயில் நாளில் 1,000 வாட்-மணிக்கு மேல் வரும். நம் தேவை 720. மழை மேகத்துக்கும் கொஞ்சம் மிச்சம்.

பெரிய பேனல்தான் வாங்குவேன் என்றால் எம்.பி.பி.டி. வாங்கி, அதிகபட்சச் சார்ஜ் ஆம்பியரை 15-20 என்று அதில் கட்டுப்படுத்திவைக்க முடியுமா, அவ்வளவு பெரிய பேனலை அது ஏற்குமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மார்கழிக் காலையில் ஒரு கண்ணி

எம்.பி.பி.டி-யில் இன்னொரு எண் முக்கியம். '100 வோல்ட்' என்று போட்டிருந்தால், பேனல் பக்கத்திலிருந்து அதற்கு மேல் ஒரு வோல்ட்கூட வரக் கூடாது. ஆம்பியர் கொஞ்சம் அதிகமானால் பல கன்ட்ரோலர்கள் தாங்கிக்கொள்ளும். வோல்ட் மீறினால் உள்ளே கருகிவிடும், வாரன்டியும் கிடையாது.

540 வாட் பேனலின் 'ஓபன் சர்க்யூட் வோல்டேஜ்' ஏறக்குறைய 49.5. இரண்டைத் தொடராக (சீரீஸ்) இணைத்தால் 99. நூறுக்குள்தானே என்று தோன்றும். ஆனால், குளிரக் குளிர பேனலின் வோல்ட் ஏறும். ஒரு டிகிரிக்கு 0.3 சதவிகிதம் அளவுக்கு. மார்கழி விடியலில் 18 டிகிரிக்கு இறங்கினால், 99 என்பது 101-ஐத் தொடும். கோடையில் மாட்டி நன்றாக ஓடிய கன்ட்ரோலர், பனிக்காலக் காலை ஒன்றில் செத்துப்போவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. அந்த இடத்தில் 150 வோல்ட் கன்ட்ரோலர்தான் சரி.

விளக்கு ஏன் கண் சிமிட்டியது?

இப்போது அந்த நடுப்பகல் மர்மத்துக்கு வருவோம். அந்த மலிவு கன்ட்ரோலர் ஈய-அமில பேட்டரிக்கென்று செய்தது. டியூபுலருக்குள் அமிலமும் தண்ணீரும் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடாமல் இருக்க, அவ்வப்போது 15 வோல்ட் பக்கம் ஏற்றிக் கலக்கிவிடுவது அதன் வழக்கம். 'ஈக்வலைஸ்' என்பார்கள். டியூபுலருக்கு அது மருந்து. லித்தியத்துக்கு அது விஷம்.

லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்ற காவல்காரர் இருக்கிறார். வோல்ட் எல்லை மீறியதும் அவர் கதவைச் சாத்திவிட்டார். கதவு சாத்தியதும் பேனலின் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. வோல்ட் சட்டென்று எகிறியது. அதைப் பார்த்த இன்வெர்ட்டர் பயந்து நின்றது. வோல்ட் இறங்கியதும் எல்லாம் திரும்பக் கிளம்பின. மறுபடி ஏற்றம், மறுபடி கதவடைப்பு. விளக்கு கண் சிமிட்டியது இதனால்தான். நல்ல வெயிலில் மட்டும் வந்ததற்குக் காரணமும் இதுதான்.

தீர்வு எளிது. லித்தியத்துக்கு என்று தனியே அமைக்கக்கூடிய கன்ட்ரோலர் வேண்டும். உச்சம் 14.2 அல்லது 14.4, ஈக்வலைஸ் முழுக்க நிறுத்தம், வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட்டை மாற்றும் வசதியும் நிறுத்தம். இன்வெர்ட்டரிலும் லித்தியம் தேர்வு இருக்க வேண்டும். பழைய இன்வெர்ட்டர் வோல்ட்டைப் பார்த்துத்தான் 'பேட்டரி இவ்வளவு இருக்கிறது' என்று காட்டும். லித்தியமோ பெரும்பகுதி நேரம் 13 வோல்ட் அருகிலேயே நின்று, கடைசியில் தடாலென்று இறங்கும். கட்டம் பாதி காட்டும்போதே விளக்கு அணைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஒரு பேட்டரி, இரண்டு சமையல்காரர்கள்

பழைய இன்வெர்ட்டரோடு சோலார் சேர்க்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். இன்வெர்ட்டர் ராத்திரி முழுக்க மின்வாரியக் கரென்ட்டில் பேட்டரியை நிரப்பிவைத்துவிடும். காலையில் சூரியன் வரும்போது பேட்டரி ஏற்கெனவே வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும். கன்ட்ரோலர் 'வேலை இல்லை' என்று சும்மா இருக்கும். சோலார் போட்டும் யூனிட் குறையவில்லை என்ற புகாருக்கு இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சோலாருக்கு முன்னுரிமை தரும் இன்வெர்ட்டரோ, வெயில் இருக்கும்போது மின்வாரியச் சார்ஜிங்கை நிறுத்தும் இணைப்புப் பெட்டியோ இருந்தால்தான் பேனலுக்கு வேலை கிடைக்கும்.

பராமரிப்பு நாளுக்கு மட்டும்தான் தேவை என்றால் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அன்றைக்கு பேட்டரி நிறைந்திருப்பது நல்லதுதான். பகலில் செலவாவதை பேனல் உடனுக்குடன் ஈடுகட்டும்.

மாட்டும்போது கவனம்

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் ஓடும்போது, 6 சதுர மி.மீ. ஒயரை 5 மீட்டர் தூரத்துக்கு இழுத்தால், போக வர 10 மீட்டரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே கரைந்துவிடும். கன்ட்ரோலரை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, தடிமனான ஒயர் போட வேண்டும். பேட்டரியின் பிளஸ் முனைக்கு அருகில் ஃபியூஸ் கட்டாயம். பேனல் பக்கத்துக்கு டி.சி. சுவிட்சுதான் போட வேண்டும். வீட்டுச் சுவிட்ச் ஆகாது.

இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. வரிசை மாறினால் கன்ட்ரோலர் குழம்பும், சில சமயம் பழுதாகும். இன்வெர்ட்டரை நேராக பேட்டரியில்தான் இணைக்க வேண்டும். கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட முனை சின்ன டி.சி. விளக்குக்கு மட்டும்.

டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டமான இடம் வேண்டும். அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் பக்கத்தில் கூடாது. தறிக்கூடத்திலும் கூடாது. அமிலத் துளி தெறித்தால் பட்டும் போச்சு, ஜரிகையும் போச்சு. குழந்தைகள் கை எட்டாத உயரமும் அவசியம்.

கடைக்குப் போகும் முன்...

* எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்ற கணக்கை நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.

* பேட்டரி எந்த வகை, சி10-ஆ சி20-ஆ, உச்ச வோல்ட், ஃப்ளோட் வோல்ட், அதிகபட்சச் சார்ஜ் ஆம்பியர் - இவற்றைக் கையேட்டைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள்.

* அதே வோல்ட்டைக் கன்ட்ரோலரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது.

* பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். ஓபன் சர்க்யூட் வோல்டேஜ், கன்ட்ரோலரின் எல்லைக்குள் தாராளமாக இருக்க வேண்டும்.

* பில்லில் பேட்டரியின் சீரியல் நம்பர் இருக்கட்டும். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்; காயலான் கடையில் உடைக்க விட்டால் ஈயமும் அமிலமும் மண்ணில்தான் சேரும்.

அந்தத் தறி வீட்டுக்குத் திரும்புவோம். லித்தியம் பேட்டரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. 540 வாட் பேனலும் வீண் இல்லை. 40 ஆம்பியரைத் தாங்கும் பேட்டரி இப்போது வீட்டில் இருக்கிறதே! மாற்ற வேண்டியது நடுவில் இருந்த அந்தச் சின்னப் பெட்டியை மட்டும்தான். லித்தியம் அமைப்பு உள்ள 40 ஆம்பியர் எம்.பி.பி.டி. ஒன்று, கூடவே, இன்வெர்ட்டரில் லித்தியம் தேர்வு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது.

முதலிலேயே நோட்டில் கணக்குப் போட்டிருந்தால், கடனுக்கு லித்தியம் வாங்காமல் டியூபுலரோடும் சின்னப் பேனல் இரண்டோடும் காரியம் முடிந்திருக்கும். அடுத்த பராமரிப்பு நாளில் பன்னிரண்டு மணிக்கு யாரும் கத்தவில்லை. அப்பா குழியை விட்டு எழுந்தது மதியச் சாப்பாட்டுக்குத்தான்.

"மாமா சொன்னதைக் கேட்டதுக்கு, பேட்டரி சொன்னதைக் கேட்டிருக்கலாம்" என்றாராம் அம்மா, தாரைச் சுற்றிக்கொண்டே.